பிரேஸ்னா ஓக் மரத்தின் காயம்

வால்யேவோ
24 மார்ச் 1974

அன்புள்ள தோப்ரிலா அக்காவுக்கு,

நானும் அத்தானும் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? லின்ஸில் இன்னும் பனி இருக்கிறதா? இங்கே பிளம் மரங்கள் மொட்டு விட்டுவிட்டன. ஸ்ரேதன் அத்தானுக்கு இந்தக் குளிர்காலம் இருமல் அதிகம் இல்லை. ஆனால் வேலைக்கு ஆள் எடுக்க வந்த ஆஸ்திரிய டாக்டர் அவருடைய நெஞ்சுப் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, உன்னைத் தனியாக லின்ஸுக்கு அனுப்பியதை மட்டும் அவர் மறக்கவே இல்லை. இரண்டு கிளாஸ் பிளம் சாராயம் உள்ளே போனால் அந்த டாக்டரைப் போலவே நடித்துக் காட்டுகிறார். "மூணு வருஷமா பொண்டாட்டிகூட தபால்லதான் குடித்தனம்" என்று பூங்காவில் எல்லோரிடமும் சொல்கிறார்.

வேலை நன்றாகப் போகிறது. பூங்காவிலுள்ள லிண்டன் மரங்களின் பட்ட கிளைகளைக் கழித்து முடித்துவிட்டோம். வழக்கம்போல நான் மேலே, அத்தான் கீழே கயிற்றைப் பிடித்தபடி. அடுத்தது பிரேஸ்னா கிராமத்து ஓக். பட்டையில் சிலுவை வெட்டி, வருடந்தோறும் பாதிரியார் வந்து ஜெபித்து, ஊரே வணங்கும் அந்தக் குறிமரம்தான். சாலைப் பக்கத்துக் கீழ்க்கிளை பாதி பட்டுப்போய்த் தொங்குகிறது. அதற்கு நேர் கீழே பேருந்து நிறுத்தம்.

ஊரில் யாரும் அதில் ரம்பம் வைக்க மாட்டார்கள். குறிமரத்தின் கிளையை வெட்டினால் வெட்டியவன் குடும்பத்தில் ஒருவருக்குக் கையோ காலோ போகும் என்கிறார்கள். கிராம சபைத் தலைவர் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறவர். ஆனால் வேலைக்கான உத்தரவில் கையெழுத்துப் போட மட்டும் தன் குமாஸ்தாவை விட்டிருக்கிறார்.

ஏப்ரல் 4, வியாழக்கிழமை ஏறுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
விதோயே


லின்ஸ்
31 மார்ச் 1974

என் தம்பி விதோயேவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நான் நலம். முதுகு முன்பு போலத்தான் இருக்கிறது. சலவைக்கூடத்தில் இப்போது என்னைப் பெரிய இஸ்திரி எந்திரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். இரண்டு உருளைகள், நடுவில் ஈர விரிப்பைக் கொடுத்தால் அந்தப் பக்கம் மொடமொடவென்று காகிதம் மாதிரி வரும். நாளெல்லாம் நின்றபடி வேலை என்றாலும் சூடு முதுகுக்கு இதமாக இருக்கிறது.

அந்த ஓக் விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் பயந்தாங்கொள்ளி இல்லை, உனக்கே தெரியும். ஆனால் ஊரே தொடமாட்டேன் என்கிற மரத்தில் முதல் ஆளாக ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்கு உனக்கு என்ன அவசரம்? முப்பத்தாறு வயதில் ஒரு பெண்ணைப் பார்க்கச் சொன்னால் மட்டும் ஆறு மாதம் யோசிக்கிறாய்.

வேலையை விட முடியாது, புரிகிறது. அப்படியானால் ஒன்று செய். ரம்பத்தை வைக்கும் முன் மரத்திடம் மன்னிப்புக் கேள். வாய்விட்டுக் கேள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அவசரப்படாமல் வெட்டு.

ஸ்ரேதனிடம் கம்பளிச் சட்டையை இன்னும் கழற்ற வேண்டாம் என்று சொல்.

அக்கா
தோப்ரிலா


வால்யேவோ
7 ஏப்ரல் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். கிளையை இறக்கியாகிவிட்டது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லத்தான் உடனே எழுதுகிறேன்.

மழை வரும்போல இருந்ததால் சீக்கிரமாகவே வேலையை முடித்துக்கொண்டு இறங்கினேன். கிளை விழும்போது ஒரு சத்தம் வந்தது. ஈர ஓக்கிலிருந்து அப்படிச் சத்தம் வருவதுண்டு. அத்தான் கயிற்றைக் கைவிட்டுவிட்டார். பதினெட்டு வருடத்தில் அவர் கயிற்றை விட்டது இதுதான் முதல் தடவை. யாருக்கும் அடிபடவில்லை. நிறுத்தத்தில் பூசணி விதை விற்கும் மிலுங்கா மட்டும் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்க மறந்துவிட்டேன். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது கேட்டுவிடுகிறேன்.

அத்தான் இரண்டு நாளாகத் தபால்காரர் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். உன்னிடமிருந்து கடிதம் வந்ததா என்று நான்கு முறை கேட்டுவிட்டார். ஈஸ்டர் நெருங்குகிறது, அதனால் இருக்கும். பண்டிகைச் சிவப்பு முட்டைகளை மோதி உடைக்க அங்கே யாராவது நம் ஆட்கள் இருக்கிறார்களா? சீக்கிரம் எழுது.

விதோயே


லின்ஸ்
19 மே 1974

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். கையெழுத்து வேறாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விரலில் சிறிய கொப்புளம். என்னோடு அறையில் இருக்கும் ஸ்லாவ்கா எனக்காக எழுதுகிறாள். மாரிபோர் பக்கத்துப் பெண், நல்லவள், கையெழுத்தும் அழகு.

கடிதம் தாமதமானதற்கு வேலைதான் காரணம். உன் மூன்று கடிதங்களும் ஸ்ரேதனின் இரண்டு கடிதங்களும் வந்தன.

ஒன்று கேட்க வேண்டும். பிரேஸ்னாவில் அந்தக் கிளை விழுந்தபோது மணி என்ன இருக்கும்? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா


வால்யேவோ
2 ஜூன் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். ஆறு வாரம் கழித்து ஒரு கடிதம், அதில் கொப்புளம் என்று ஒரு வார்த்தை. எந்த விரல்? டாக்டரிடம் காட்டினாயா? அந்தப் பெண்ணுக்கு என் நன்றியைச் சொல். ஆனால் அடுத்த கடிதத்தில் நீயே இரண்டு வரி எழுது, கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

மணி கேட்டாய். காலை ஒன்பது இருபது. ஒன்பதே காலுக்கு வரவேண்டிய பேருந்து ஐந்து நிமிடம் தாமதமாக வந்து சற்றுத் தள்ளி நின்றிருந்தது, அதனால் நன்றாக நினைவிருக்கிறது. எதற்குக் கேட்கிறாய்?

அத்தானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஈஸ்டருக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் முதல் பேருந்தில் எங்கோ போய்விட்டு மதியம் தாண்டி வருகிறார். சீட்டாடப் போகிறார் என்று நினைத்தேன். போன வாரம் மிலுங்கா சந்தைக்கு வந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டாள். அவர் பிரேஸ்னாவுக்குத்தான் போகிறாராம். அவளிடமே ஏணி வாங்கி ஓக் மரத்தில் சாத்தி, நான் வெட்டிய இடம் வரை ஏறி, வெள்ளைத் துணியால் அதைத் துடைத்துவிட்டு இறங்குகிறாராம். அந்தக் காயம் இன்னும் காயவில்லை. பழுப்பாக நீர் கசிகிறது. "பச்சப்புள்ளைக்கு மூஞ்சி தொடைக்கிற மாதிரி தொடைக்கிறாரு. தொடைக்கும்போது பேசுறாரு. நான் தள்ளிப் போயி நின்னுக்கிட்டேன்" என்றாள்.

வீட்டில் நேராகவே கேட்டேன். அவர் துணியை அலசிக்கொண்டே, காயம் இருந்தால் துடைக்கத்தானே வேண்டும் என்றார்.

நீ அவருக்கு ஏதாவது எழுதினாயா? உடனே பதில் போடு.

விதோயே


லின்ஸ்
23 ஜூன் 1974

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். கொப்புளம் ஆறிவருகிறது. கவலைப்படாதே. ஸ்ரேதனுக்கு நான் எதுவும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் படுத்து ஓய்வெடுக்கச் சொல். அந்த மரத்துப் பக்கம் இனி யாரும் போக வேண்டாம். நீயும் போகாதே.

மணி கேட்டதற்குக் காரணம் ஒன்றுமில்லை.

அக்கா

பின்குறிப்பு: இதை நான், ஸ்லாவ்கா, தபால் நிலையத்தில் நின்று எழுதுகிறேன். தோப்ரிலாவுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னோடு பேசமாட்டாள். அது கொப்புளம் இல்லை. ஏப்ரல் 4ஆம் தேதி இஸ்திரி எந்திரத்தின் உருளை அவளுடைய வலது கையை இழுத்துவிட்டது. ஐந்து வாரம் மருத்துவமனையில் இருந்தாள். இரண்டு விரல்கள் போய்விட்டன. எந்திரத்துக்கு எதிரே சுவரில் கடிகாரம் இருக்கிறது. மணி ஒன்பது இருபது. உங்கள் கடிதத்தை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். மணியைப் படித்ததும் கடிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டு, "தம்பிக்கு இது தெரியக்கூடாது. பழியத் தன் தலையில போட்டுக்குவான்" என்றாள். எனக்கு மனது கேட்கவில்லை. மன்னிக்கவும்.


வால்யேவோ
30 ஜூன் 1974

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

ஸ்லாவ்கா எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதே. அவள் எழுதியதனால் நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியது பொய்.

கனமான கிளையை வெட்டும்போது முதலில் அடிப்பக்கம் ஒரு வெட்டுப் போட வேண்டும். அப்போதுதான் விழும்போது பட்டையை இழுத்துக்கொண்டு போகாது. இது எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம். அன்றைக்கு மேகம் கறுத்து வந்தது. கீழே ஒரு கூட்டம் நின்று, என் கை எப்போது ஒடியும் என்று பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சல். அடிவெட்டுப் போடாமல் மேலிருந்தே அறுத்தேன். பாதியிலேயே கிளை முறிந்து, தண்டிலிருந்து பட்டையை ஒரு கை நீளத்துக்கு உரித்துக்கொண்டு போனது. தண்டில் மிஞ்சிய கட்டையும் கோணலாக நின்றுவிட்டது. அதைச் செதுக்கிச் சரிசெய்து தார் பூசியிருக்க வேண்டும். தூறல் விழுந்ததும் இறங்கிவிட்டேன். ஒரு மரத்தையும் நான் அப்படி விட்டதில்லை.

கிளை கிழிந்தபோதுதான் அந்தச் சத்தம். ஸ்லாவ்காவின் குறிப்பை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். அவர் அதிர்ச்சி அடைவார் என்று நினைத்தேன். மேசை முன் உட்கார்ந்து தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"மரம் கிழியிற சத்தம் எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷமா கீழ நின்னு கேக்குறேன். அன்னிக்குக் கேட்டது மரம் இல்ல, விதோயே. அது உங்கக்கா."

சுண்டுவிரல், மோதிர விரல் இரண்டையும் மடக்கிக் காட்டி, இவைதானே என்று கேட்டார். ஸ்லாவ்கா எந்த விரல்கள் என்று எழுதவில்லை. எனக்குத் தெரியாது என்றேன்.

இன்னும் இருக்கிறது. 27ஆம் தேதி அடித்த புயலில் அதே மரத்தின் அடுத்த கிளை, இன்னும் பெரியது, அடியில் விரிசல் விட்டுவிட்டது. அதுவும் நிறுத்தத்தின் மேலேதான். காலையில் அங்கே இருபது முப்பது பேர் நிற்கிறார்கள். ஜூலை முடிவதற்குள் அதை இறக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. நான் மாட்டேன் என்றால் வேறு ஊர் ஆட்களை அழைப்பார்கள். காலில் இரும்புக் கொக்கியை மாட்டிக்கொண்டு குத்திக் குத்தி ஏறுகிறவர்கள்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று நீயே சொல்.

விதோயே


லின்ஸ்
10 ஜூலை 1974

தம்பி,

இது என் இடது கை. எழுத்துகளெல்லாம் குடித்துவிட்டு நடப்பதுபோல இருக்கின்றன. சிரிக்காதே.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை. விரிப்பின் ஓரம் மடிந்தது, அதை நீவிவிடக் கையை நீட்டினேன், உருளை இழுத்துக்கொண்டது. என்னோடு வேலை செய்கிறவர்கள் இதற்கு முன்பும் அதே எந்திரத்தில் அடிபட்டிருக்கிறார்கள். அவர்கள் யாருடைய தம்பியும் மரம் ஏறுகிறவன் இல்லை. இதைத்தான் தினமும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் ஸ்ரேதன் சொன்ன விரல்கள் சரி. என் கல்யாண மோதிரத்தை வெட்டி எடுத்து மருத்துவமனையில் ஒரு காகித உறையில் போட்டுத் தந்தார்கள். அதை நான் ஸ்லாவ்காவுக்குக்கூடக் காட்டவில்லை.

இல்லாத விரல்கள் வலிக்கின்றன. டாக்டர் அப்படித்தான் இருக்கும் என்கிறார். ஆனால் ஒன்றை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் யாரோ ஈரத்துணியால் ஒற்றுவதுபோல இருக்கும். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் குறையும். உன் ஜூன் கடிதத்தைப் படித்த பிறகுதான் அது யார் என்று தெரிந்தது. அந்த மரத்துப் பக்கம் போகவேண்டாம் என்று அதனால்தான் எழுதினேன். பயந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை, நான் தவித்துப்போனேன். அவரைப் போகச் சொல்.

இப்போது கிளை விஷயம். நீ எனக்காகப் பயப்படுகிறாய். அந்த நிறுத்தத்தில் நிற்கிற ஒருத்தியை நான் நினைத்துப் பார்க்கிறேன். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவள் தலைமேல் அது விழுந்தால் மிச்சமிருக்கும் விரல்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வெட்டு. ஜூலை 27, சனிக்கிழமை, காலை பத்து மணி. அன்று எனக்கு விடுமுறை. அடுப்பு மூட்டமாட்டேன், கத்தியைத் தொடமாட்டேன், தெருவில் இறங்கமாட்டேன். நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஸ்லாவ்கா பக்கத்தில் இருப்பாள். பதில் எழுதி என் மனதை மாற்றப் பார்க்காதே. இந்த முறை மன்னிப்புக் கேள்.

அக்கா
தோப்ரிலா


லின்ஸ்
27 ஜூலை 1974, மதியம்

தம்பி,

நான் முழுசாக இருக்கிறேன். முதலில் இதைப் படி. பிறகு மூச்சு விடு. அங்கே நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

ஒன்பதரைக்கே உட்கார்ந்துவிட்டேன். பத்துக்குச் சரியாக ஸ்லாவ்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்ணை மூடி, வலி வரும் என்று பல்லைக் கடித்தேன். முதலில் கூர்மையாக ஏதோ சுரண்டியது. கத்திவிடுவேன் என்று நினைத்தேன். ஆனால் அது வலிக்கவில்லை, தம்பி. விரலுக்குள் தைத்துக் கிடந்த சிலாம்பை யாரோ பார்த்துப் பார்த்து எடுப்பதுபோல இருந்தது. அப்படியே ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடைசியில் அந்த இல்லாத விரல்களில் வெதுவெதுப்பாக எதையோ பூசினாற்போல ஒரு சூடு. பதினொன்றுக்கு வலி நின்றுவிட்டது. நான்கு மாதத்தில் முதல் தடவையாக நின்றது. நான் அழுதேன், ஸ்லாவ்காவும் அழுதாள், பிறகு இருவரும் முட்டை பொரித்துச் சாப்பிட்டோம்.

இந்த முறை நீ அழகாக வெட்டியிருக்கிறாய். எனக்குத் தெரியும்.

அக்கா


வால்யேவோ
28 ஜூலை 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாமல் எழுதுகிறேன். உன் கடிதம் வரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கிளையை வெட்டவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு ஏறினேன். ஏறும் முன் தொப்பியைக் கழற்றி, நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோர் எதிரிலும் அந்த மரத்திடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. மிலுங்கா சிலுவை போட்டுக்கொண்டாள். அத்தான் கயிற்றை இரண்டு சுற்று மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார், இனி விடமாட்டேன் என்பதுபோல.

பெரிய கிளைக்குப் போகும் வழியில்தான் பழைய காயம். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். நான் விட்டுவந்த கிழிசல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மிஞ்சிய கட்டை அழுகிப் புழு வைத்திருந்தது. சுற்றிலும் மட்டும் சுத்தம், அத்தான் துடைத்த சுத்தம். கையை வைத்தேன். வெயில் படாத வடக்குப் பக்கம் அது, பட்டை குளிர்ந்திருக்க வேண்டும். காய்ச்சல்காரரின் நெற்றிபோல இருந்தது. ரம்பத்தை ஒரு கிளையில் மாட்டிவிட்டுக் கத்தியை எடுத்தேன். அப்போது மணி பத்து.

கிழிந்ததையெல்லாம் செதுக்கினேன். நல்ல பட்டை வரும்வரை ஓரத்தைச் சீவினேன். அழுகிய கட்டையைத் தண்டோடு சேரும் இடம் வரை செதுக்கி எடுத்தேன். புழுவை ஒவ்வொன்றாக நோண்டினேன். அத்தான் சுடவைத்திருந்த தாரைக் கயிற்றில் கட்டி அனுப்பினார். ஆறவிட்டு, மெல்லப் பூசினேன். முடித்தபோது மணி பதினொன்று. காயத்தில் மறுபடி கையை வைத்தேன். சூடு போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த மரத்தில் ரம்பம் வைக்க என்னால் முடியவில்லை. கீழே இறங்கிவிட்டேன்.

கிளை அங்கேயே இருக்கட்டும், நிறுத்தத்தை நகர்த்துவோம் என்று கிராம சபைத் தலைவரிடம் சொன்னேன். அப்படி உத்தரவில் இல்லை என்றார். மிலுங்கா தன் பூசணி விதைக் கூடையைத் தூக்கிக்கொண்டு நாற்பது அடி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். அவள் பின்னால் எல்லோரும் போனார்கள். சாயங்காலத்துக்குள் நிறுத்தத்தின் கூரை, பெஞ்சு எல்லாம் இடம் மாறிவிட்டன. கடைசிப் பலகையைத் தலைவரே சுமந்துவந்தார். நான் விரிசல் கிளைக்கு அடியில் இரண்டு முட்டுத்தூண்கள் கொடுத்தேன். மேலே இரும்புக் கம்பியால் தண்டோடு சேர்த்துக் கட்டினேன். துளை போடவில்லை. கம்பி அழுத்தாமலிருக்கப் பழைய டயர்த் துண்டுகளை அடியில் வைத்தேன்.

பத்து மணியிலிருந்து பதினொன்று வரை நீ எப்படி இருந்தாய்? எழுது.

விதோயே


லின்ஸ்
8 டிசம்பர் 1974

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். "நாங்கள் இருவரும்" என்று எழுதவே சுகமாக இருக்கிறது. ஸ்ரேதன் வந்து எட்டு வாரம் ஆகிறது. இந்த முறை வேறு டாக்டர், அவர் உதட்டைப் பிதுக்கவில்லை. உன் அத்தானுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான், நடித்துக்காட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. ஸ்லாவ்கா பக்கத்து அறைக்கு மாறிவிட்டாள். எனக்குத் துணி மடிக்கும் வேலை. கீழே கயிற்றைப் பிடிக்க உனக்கு நல்ல ஆள் கிடைத்ததா? வருகிற 19ஆம் தேதி நம் குடும்பப் புனிதர் நிக்கோலாவின் திருநாளுக்கு நம் வீட்டு மெழுகுவர்த்தியை நீ தனியாக ஏற்றவேண்டியிருக்கிறது. அதுதான் வருத்தம்.

கையில் வலி இல்லை. ஜூலைக்குப் பிறகு வரவே இல்லை. உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று கடந்து போன அந்த வாரத்தைப் பற்றி நாம் இருவரும் பிறகு எழுதவே இல்லை. எழுதாமலிருப்பதே நல்லது என்று நினைத்தேன்.

ஆனால் புதன்கிழமையிலிருந்து வலது விலாவில் சுருக்கென்று தைக்கிறது. நின்றாலும் படுத்தாலும் ஒரே இடத்தில். படம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. நேற்று சாப்பிடும்போது ஸ்ரேதன், "விதோயேவ ஒரு தடவ போயிப் பாத்துட்டு வரச் சொல்லேன்" என்றார். எதை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்கா
தோப்ரிலா


வால்யேவோ
15 டிசம்பர் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நேற்று சனிக்கிழமை பிரேஸ்னாவுக்குப் போய்வந்தேன்.

முட்டுத்தூண்கள் உறுதியாக நிற்கின்றன. கம்பி தளரவில்லை. பழைய காயத்தின் ஓரத்தில் புதுப்பட்டை உருண்டு திரண்டு வருகிறது. மேலே ஏறிக் கிளை கிளையாகப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. திரும்பிவிடலாம் என்று நினைத்து, மனம் கேட்காமல் தண்டைச் சுற்றி வந்தேன். சாலை தெரியாத பக்கத்தில், என் மார்பு உயரத்தில், ஒரு தகர அறிவிப்பு. வேட்டைச் சங்கக் கூட்டம் என்று எழுதியிருந்தது. வெளியூர் ஆட்கள் யாரோ அடித்திருக்கிறார்கள். எந்த நாள் என்று மிலுங்காவைக் கேட்டேன். புதன்கிழமை, பத்து நாளைக்கு முன்னால் என்றாள்.

நீளமான ஆணி. விரல் நீளம் உள்ளே போயிருந்தது. பிடுங்கிவிட்டேன். ஓட்டையை மெழுகால் அடைத்தேன்.

எத்தனை மணிக்குப் பிடுங்கினேன் என்று இதில் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. உனக்கு அங்கே ஏதாவது தெரிந்ததா, எத்தனை மணிக்கு என்று நீ முதலில் எழுது. இதெல்லாம் நம் மூவருடைய பயமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்த மரத்துக்கு முந்நூறு வயதாவது இருக்கும். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை பேர் போவார்கள், எல்லோரையும் நான் எப்படிக் காவல் காப்பேன்? வசந்தத்தில் பிரேஸ்னாவில் ஒரு வீடு வாடகைக்குப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

விதோயே


லின்ஸ்
22 டிசம்பர் 1974

என் தம்பிக்கு,

நாங்கள் நலம். திருநாளன்று நீ ஏற்றிய மெழுகுவர்த்தி நன்றாக எரிந்திருக்கும். நாங்களும் இங்கே ஒன்று ஏற்றி, பீன்ஸும் மீனும் சமைத்தோம். ஸ்லாவ்காவும் வந்தாள்.

சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டரை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், கத்தி கையிலிருந்து விழுந்தது. சரிதானா என்று உன்னைக் கேட்கமாட்டேன். அந்த வீட்டைப் பார்த்துவிடு.

ஆனால் தம்பி, நீ ஒன்றைத்தான் பிடுங்கினாய். இன்னொன்று இருக்கிறது. முதலாவதற்கு ஒரு சாண் கீழே, சற்று இடதுபுறம். அதற்குத் தலை இல்லை, அடிக்கும்போது ஒடிந்திருக்கிறது. அதனால் உன் கண்ணில் பட்டிருக்காது. கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தடவிப் பார்.

மெதுவாக எடு. எந்த நாள், எந்த நேரம் என்று எழுத வேண்டாம். எனக்குத் தெரிந்துவிடும்.

அக்கா
தோப்ரிலா